சிஓஇயும் கட்டுகிறோம், இஆர்பியும் கட்டுகிறோம். பிறகும் ஏன் நெரிசல்?

2025 மார்ச் 3, திங்கள் (கேள்வி)

சிங்கப்பூரில் ஒரு காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும், அதாவது சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழுக்கு, ஒரு லட்சம் வெள்ளி அளவுக்குக் கட்டுகிறோம். அதற்கு மேல் சாவடிக்குச் சாவடி இஆர்பி என்னும் மின்னியல் சாலைக் கட்டணமும் கட்டுகிறோம். இவ்வளவுக்குப் பிறகும் காலை எட்டு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. வாங்கிய பணத்தைக் கொண்டு சாலைகளை அகலப்படுத்தியிருந்தால் இந்தத் தொல்லை எப்போதோ தீர்ந்திருக்கும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

2025 மார்ச் 4, செவ்வாய், இரவு

மறுக்கிறேன், ஆனால் முழுவதையும் அல்ல. நீங்கள் கட்டும் இரண்டு தொகைகளும் ஒரே காரியத்துக்காக வாங்கப்படுபவை அல்ல. வாகன உரிமைச் சான்றிதழ், தீவில் மொத்தம் எத்தனை வண்டிகள் இருக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. மின்னியல் சாலைக் கட்டணம், அந்த வண்டிகள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் ஓடுகின்றன என்பதற்கு விலை வைக்கிறது. காலை எட்டு மணிக்கு நீங்கள் காணும் நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கையைவிட, எல்லாரும் ஒரே அரை மணி நேரத்துக்குள் ஒரே திசையில் புறப்படுவதுதான் பெரிய காரணம். அதே தீவு, அதே வண்டிகள், அதே விரைவுச்சாலை. பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், தாராளமாகப் போகலாம்.

அகலப்படுத்துவதைப் பற்றி. சுமார் 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஆறு மில்லியன் பேர் இருக்கிறோம். அந்த நிலத்தில் சாலைகள் ஏற்கெனவே 12 விழுக்காட்டை எடுத்துக்கொண்டுவிட்டன. நாம் எல்லாரும் குடியிருக்கும் வீடுகளுக்கான நிலமே 14 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு தடங்கள் வேண்டுமென்றால் எந்த அடுக்குமாடியை இடிப்பது என்ற கேள்விக்கு யாராவது தம் புளோக் எண்ணைச் சொல்ல முன்வர வேண்டும்.

நிலத்தை விட்டுவிட்டுக் கடலுக்கு அடியிலும் போய்ப் பார்த்தாயிற்று. மரினா கரையோர விரைவுச்சாலை ஐந்து கிலோமீட்டர் நீளம், திசைக்கு ஐந்து தடங்கள், ஒரு பகுதி கடற்படுகைக்குக் கீழே, செலவு நான்கு பில்லியன் வெள்ளிக்கு மேல். 2013 டிசம்பர் இறுதியில் திறந்தார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை, முதல் வேலை நாள். நான் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். புத்தம் புதிய சுரங்கத்துக்குள், புத்தம் புதிய விளக்குகளுக்குக் கீழே, பின்னால் ரொட்டித் தட்டுகளோடு, இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து தடங்களில் வந்த வண்டிகள் நகருக்குள் இறங்கும் வழியில் இருந்த சமிக்ஞை விளக்குக்கு முன்னால் நின்றன. அந்த விளக்குக்கு அப்பால் இருந்த சாலை பழைய அகலத்தில்தான் இருந்தது. பின்னர் விளக்குகளின் நேரத்தையும் தடங்களையும் மாற்றிச் சரி செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2025 மார்ச் 5, புதன்

நேற்று எழுதியதைப் படித்த என் அக்கா, “கட்டணம் வந்த புதிதில் நாம் பட்ட பாட்டை எழுதவில்லையே” என்றார். எழுதுகிறேன்.

1975 ஜூன் 2ஆம் தேதி, வட்டார உரிமத் திட்டம் நகரின் நடுப்பகுதியில் தொடங்கியது. எனக்குப் பதினொரு வயது. காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை மணிக்குள் கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் நுழையும் கார், அன்றைய உரிமத் தாளை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வெள்ளி, மாதத்துக்கு அறுபது வெள்ளி. சாலையின் மேல் வளைவுப் பலகை, அதன் பக்கத்தில் ஒரு சிறு கூண்டு, அதற்குள் ஓடும் வண்டிகளின் கண்ணாடிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஒருவர். மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. உள்ளே நுழையும் வண்டிகளின் எண்ணிக்கை அந்த நேரத்தில் 44 விழுக்காடு குறைந்தது. உலகில் வேறெந்த நகரமும் அதற்கு முன்னால் இப்படி ஒன்றை நடைமுறைப்படுத்தியதில்லை.

மூன்று பேர் ஏறிய காருக்குக் கட்டணம் இல்லை என்று விலக்கு இருந்தது. என் பெரியம்மா அப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் நிற்பார், முன்பின் தெரியாத ஒருவர் காரை நிறுத்தி, “நகரத்துக்கா?” என்று கேட்பார்; பெரியம்மாவும் பக்கத்தில் நின்றவர்களும் ஏறிக்கொள்வார்கள். கார்காரருக்கு மூன்று வெள்ளி மிச்சம், பெரியம்மாவுக்குப் பேருந்துக் காசு மிச்சம். அந்தக் காலத்தில் தெரியாதவர் காரில் ஏறுவதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை. ஏறிய பிறகு யாரும் யாரோடும் பேசியதில்லையாம்.

அதே நாள், பிற்பகல்

திருத்தம். விலக்குக்கு மூன்று பேர் போதாது; ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர் இருக்க வேண்டும். பெரியம்மா தம்மோடு ஏறிய இருவரைத்தான் எண்ணியிருக்கிறார், ஓட்டுநரை விட்டுவிட்டார். இந்த விலக்கை 1989இல் எடுத்துவிட்டார்கள்; அதே ஆண்டு மாலை நேரக் கட்டணமும் வந்தது. சரக்கு வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் அதுவரை தப்பித்திருந்தன, அவையும் சேர்க்கப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டேன். ஒன்பதரை மணிக்குக் கட்டணம் முடிந்ததும் காத்திருந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. அதனால் சில வாரங்களிலேயே நேரத்தைப் பத்தேகால் வரை நீட்டினார்கள். நகரின் ஓரங்களில் காரை நிறுத்திவிட்டு இணைப்புப் பேருந்தில் உள்ளே வரட்டும் என்று ஏறக்குறைய பத்தாயிரம் இடங்களோடு நிறுத்துமிடங்களும் ஏற்பாடாகியிருந்தன. அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காரில் ஏறி உட்கார்ந்தவர் பாதி வழியில் இறங்க விரும்புவதில்லை என்பது அப்போதே தெரிந்துபோனது. ஆனாலும் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒருமுறை யாராவது இந்த யோசனையைப் புதிதாகச் சொல்கிறார்கள்.

2025 மார்ச் 8, சனி

“சாவடிக் கட்டணத்தால் எவனும் தன் பழக்கத்தை மாற்றுவதில்லை, முதலாளி கட்டிவிடுவான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மாற்றியவன் என்பதால் இதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன்.

1998இல் காகித உரிமம் போய் இஆர்பி வந்தது. ஏப்ரலில் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில் முதலில் வந்தது. செப்டம்பரில் நகரம் முழுவதும். முன்கண்ணாடியின் கீழ் வலது மூலையில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் ரொக்க அட்டை. சாவடிக்குக் கீழே போகும்போது பெட்டி ஒரு முறை “பீப்” என்னும். அட்டையில் மிச்சம் எவ்வளவு என்ற எண் சில நொடிகள் தெரிந்து மறையும். அந்த எண்ணைப் பார்ப்பதற்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் பழக்கம் எனக்குக் கடைசி வரை போகவில்லை. அட்டையில் பணம் போதவில்லை என்றால் வேறு ஒலி கேட்கும். அப்புறம் வீட்டுக்குக் கடிதம் வரும், கட்டணத்தோடு பத்து வெள்ளி நிர்வாகத் தொகையும் சேர்த்து.

என் முதலாளி அட்டையில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிரப்பிக் கொடுப்பார். அதற்கு மேல் போனால் என் கைப்பணம். அந்த ஓர் ஏற்பாடு என்னை மாற்றியது. ரொட்டிகள் அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பிலிருந்து வந்துவிடும். ஆனால் நகரத்துக் காப்பிக்கடைகள் எட்டரை மணிக்குக் கொண்டு வரச் சொல்லும், ஏனென்றால் எப்போதும் எட்டரை மணிக்குத்தான் வந்து பழக்கம். நான் ஒவ்வொரு கடையாகப் போய் ஆறரை மணிக்குக் கொண்டு வந்தால் ஆகாதா என்று கேட்டேன். பதினொரு கடைகளில் எட்டு கடைகள் ஒப்புக்கொண்டன. இரண்டு கடைகள் சாவியை என்னிடமே கொடுத்தன. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் எட்டரை மணி என்பதை யாரும் கேள்வி கேட்டதே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாத மூன்று கடைகளுக்காக ஒன்பதரை மணிக்குக் கட்டணம் முடியும்வரை காத்திருந்த நாட்களும் உண்டு. ஒன்பது இருபத்தேழு மணிக்குச் சாவடி கண்ணில் படும். வேகம் தானாகக் குறையும். முன்னால் ஒரு மீன் லாரி, பக்கத்தில் ஒரு டாக்சி, எல்லாருடைய பிரேக் விளக்குகளும் எரியும். பின்னால் வருபவர் ஒலியெழுப்புவார். சாவடிப் பலகையில் எழுத்து அணைந்ததும், குதிரைப் பந்தயத்தில் கதவைத் திறந்தாற்போல் அத்தனை வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். நெரிசலைக் குறைக்க வைத்த சாவடி, சரியாக அந்த மூன்று நிமிடத்துக்கு நெரிசலை உண்டாக்கியது. 2003இல் கட்டணத்தை ஒரே தாவலாக மாற்றாமல் ஐந்து நிமிட இடைப்படியோடு மாற்றத் தொடங்கியது இதற்காகத்தான். அதன் பிறகு குறைந்தது. மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

2025 மார்ச் 9, ஞாயிறு

காப்பிக்கடைச் சாவிகளை என்னிடம் நம்பிக் கொடுத்தார்களா என்று சந்தேகப்பட்டவருக்கு: கொடுத்தார்கள். பதினேழு ஆண்டுகளில் நான் எடுத்துத் தின்றது என் சொந்த ரொட்டியைத்தான்.

2025 மார்ச் 14, வெள்ளி

இப்போது சிஓஇ. இங்கேதான் கேள்வி கேட்டவரோடு நான் பாதி உடன்படுகிறேன்.

2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழ் ஏலத்தில் 106,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளி. சான்றிதழுக்கு ஆயுள் பத்து ஆண்டுகள். 106,000 வெள்ளியை 3,650 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 29 வெள்ளி வருகிறது. காரின் விலை, காப்புறுதி, சாலை வரி, நிறுத்துமிடம் எதுவும் இதில் சேரவில்லை. கார் ஓடினாலும் 29 வெள்ளி, புளோக்கின் கீழே நின்றாலும் 29 வெள்ளி.

அந்த நிலையில் இருப்பவர் காலையில் எப்படிக் கணக்குப் போடுவார்? சாவடிக் கட்டணம் இரண்டு மூன்று வெள்ளி அவருக்குச் சில்லறை. காரை நிறுத்திவிட்டுப் பெருவிரைவு ரயிலில் போனால் அன்றைய 29 வெள்ளியும் வீணாகிவிட்டதாகவும் அதற்கு மேல் ரயிலுக்கும் செலவழித்ததாகவும் மனம் சொல்லும். சாப்பாட்டுக்கு மொத்தமாகக் கட்டிவிட்ட விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு தட்டு எடுக்கிறோமே, அதே மனம். நம் கார்கள் ஆண்டுக்குச் சராசரியாக 17,000 கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றன. நாளுக்கு ஏறக்குறைய 47 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கு வரை தீவின் நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு காரும் தினந்தோறும் ஏறத்தாழ ஒரு முறை தீவைக் கடக்கிறது. வைத்திருப்பதற்குப் பெருந்தொகையும் ஓட்டுவதற்குச் சிறுதொகையும் வாங்கினால் வாங்கியவர் ஓட்டத்தான் செய்வார்.

ஆகவே என் கருத்து: சிஓஇயை எடுத்துவிட்டு, அந்தப் பணம் முழுவதையும் ஓடும் தூரத்தின் மேலும் நேரத்தின் மேலும் வைக்க வேண்டும்.

2025 மார்ச் 15, சனி, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்றைய கடைசி வாக்கியத்தை நானே வெட்ட வேண்டியிருக்கிறது.

1990 மே மாதம் சிஓஇயோடு வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது ஏன் என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். நகருக்குள் நுழையக் கட்டணம் வாங்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும், பதிவுக் கட்டணமும் வரியும் எவ்வளவு ஏறினாலும், வருமானம் கூடக் கூட வண்டிகள் கூடிக்கொண்டே போயின. வரி ஏறினால் விற்பனை ஓராண்டு படுக்கும், மறு ஆண்டு எழுந்துவிடும். எண்ணிக்கையையே பிடித்துக் கட்டினால்தான் ஆகும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு மூன்று விழுக்காடு வளர்ச்சிக்கு இடம் இருந்தது. அதைப் படிப்படியாகக் குறைத்து, 2018 பிப்ரவரி முதல் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பூஜ்யம் ஆக்கினார்கள். இன்றும் மொத்தம் ஏறக்குறைய ஒரு மில்லியன் வண்டிகளே இருக்கின்றன. ஒதுக்கீடு இல்லாமல் இருந்திருந்தால் இந்த எண் எங்கே போயிருக்கும் என்பதை நம் வட்டாரத்தின் மற்றப் பெருநகரங்களில் ஒரு வாரம் இருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டாத காருக்கும் இடம் வேண்டும் என்பதையும் விட்டுவிட்டேன். வீட்டின் கீழே ஓரிடம், அலுவலகத்தின் கீழே ஓரிடம், கடைத்தொகுதியில் ஓரிடம். ஓடும் தூரத்துக்கு மட்டும் விலை வைத்தால் நிற்கும் கார்கள் தீவை நிரப்பிவிடும். ஆகவே சிஓஇயை எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வைத்திருப்பதற்கும் ஓட்டுவதற்கும் இடையிலான விகிதம் தவறு என்பதைத் திரும்பப் பெறவில்லை.

2008 நவம்பரில் ஏ பிரிவு இரண்டு வெள்ளிக்கு விழுந்தது என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான். அன்று ஏலத்தில் பங்கெடுக்காத என் மைத்துனர் இன்றுவரை அந்த இரண்டு வெள்ளியைப் பற்றிப் பேசுகிறார்.

2025 மார்ச் 19, புதன்

பள்ளி விடுமுறை வாரம். அங் மோ கியோவில் என் வீட்டுக்குக் கீழிருந்து நகரத்துக்குப் போகும் பேருந்தில் வழக்கமாக 52 நிமிடம் ஆகும். திங்கட்கிழமை 39 நிமிடம். செவ்வாய் 41. இன்று 38. மணிக்கூண்டு நேரம் அல்ல, என் கைக்கடிகார நேரம்.

தீவில் ஒரு வண்டிகூடக் குறையவில்லை, ஒரு தடம்கூடக் கூடவில்லை. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடும் பயணங்கள் மட்டும் இல்லை. சில குடும்பங்கள் வெளியூர் போயிருக்கின்றன. அதற்கே இவ்வளவு வித்தியாசம். பேருந்து எப்போதும் நின்று நின்று போகும் ஒரு பள்ளியின் முன்னால் இன்று ஒரு பூனை சாலையின் நடுவில் உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டிருந்தது. ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் சில சாவடிகளில் கட்டணத்தையே குறைப்பது வழக்கம் என்பதால் இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேருந்தில் உட்கார்ந்து பார்க்கும்போது நன்றாக உறைக்கிறது. சாலை கொள்ளாத அளவுக்கு மேல் இருக்கும் அந்தக் கடைசிச் சில வண்டிகள்தான் எல்லாரையும் நிற்க வைக்கின்றன. பாதிக் கார்களை ஒழிக்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்று வேறு நேரத்துக்கு நகர்ந்தால் போதும்.

2025 மார்ச் 22, சனி

நகர்த்துவதற்குப் பணம் வாங்குவது ஒரு வழி, பணம் கொடுப்பது இன்னொரு வழி. 2013 ஜூனில், காலை 7.45 மணிக்கு முன்னால் நகரின் 16 ரயில் நிலையங்களில் வெளியேறினால் பயணம் இலவசம் என்று அறிவித்தார்கள். என் மனைவி அதில் சேர்ந்தார். முதல் வாரத்தில் ஒருநாள் 7.46க்கு வாசலைத் தாண்டிவிட்டு, இலவசப் பயணம் கைநழுவிப் போனதற்கு என்னைத் திட்டினார், ஏனென்றால் காலையில் குளியலறையில் நேரம் எடுத்தவன் நான். 7.40 மணிக்கு நகரும் படிக்கட்டில் மக்கள் ஓடிய வேகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சலுகை 2017 முடிவில் நின்றது. அதற்குப் பதிலாக, எந்த நிலையத்திலும் 7.45க்கு முன் உள்ளே நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி என்று ஆனது. மனைவி அதற்குள் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பப் பழகிவிட்டார், இன்றும் அப்படியே போகிறார்.

ஆனால் எல்லாராலும் முடியாது. எட்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டியவர், ஏழரை மணிக்குப் பிள்ளையை விட வேண்டியவர், முறை வேலை செய்பவர் ஆகியோருக்கு நேரத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. நேரத்தை மாற்றக்கூடியவர்கள் பெரும்பாலும் மேசை வேலை செய்பவர்கள். சாவடிக் கட்டணத்தை யோசிக்காமல் கட்டக்கூடியவர்களும் அவர்களே. இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை. 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்தபோது சாவடிகளையே நிறுத்தி வைத்தார்கள். வேண்டும் என்றால் முடியும் என்று அன்று கண்டோம். பிறகு அலுவலகங்கள் எல்லாம் ஒன்பது மணிக்கே ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன.

பேருந்துத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை மஞ்சள் கோட்டுக்குள் கார் வரக் கூடாது. ஒரு பேருந்தில் எண்பது பேர். அந்தத் தடத்தில் குறுக்கே நுழைந்து இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரில் ஒருவர். எண்பது பேரும் அந்த ஒருவரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வடக்கு-தெற்கு வழித்தடத்தை முதலில் வெறும் விரைவுச்சாலையாகத் திட்டமிட்டு, பின்னர் தொடர்ச்சியான பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் சேர்த்து மாற்றியதை நான் வரவேற்பது இதனால்தான். 21.5 கிலோமீட்டர். அதன் கட்டுமானத் தடுப்புகள் என் வீட்டுச் சன்னலுக்கு நேர் கீழே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன என்பதையும் மீறி வரவேற்கிறேன்.

2025 ஏப்ரல் 1, செவ்வாய்

நோன்புப் பெருநாள் விடுமுறையில் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பினோம். கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல்; 1924இல் திறந்தது. நடந்தால் கால் மணி நேரம். திரும்பும்போது பேருந்தில் அதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. அங்கே சிஓஇயும் இல்லை, எட்டு மணி அலுவலகமும் இல்லை, ஆனால் காரணம் ஒன்றுதான்: நாளுக்கு மூன்று லட்சம் பேர் ஒரே வாசலுக்கு வருகிறோம், அதிலும் விடுமுறையின் கடைசி மாலையில் எல்லாரும் சேர்ந்து வருகிறோம். பாலத்தை இரட்டிப்பாக அகலப்படுத்தினாலும் குடிநுழைவு முகப்புகள் அதே எண்ணிக்கையில் இருந்தால் வரிசைதான் அகலமாகும்.

அடுத்த ஆண்டு இறுதியில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வடக்கையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் விரைவு ரயில் ஓடத் தொடங்க வேண்டும். நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடுவார்கள். ரயிலைவிட அந்த ஏற்பாட்டில்தான் எனக்கு நம்பிக்கை. ரயிலை நம்பத் தயங்குவது இங்கே புதிதல்ல: 1982க்கு முன்னால் சிங்கப்பூருக்குப் பெருவிரைவு ரயில் வேண்டுமா, பேருந்துகளே போதுமா என்று அமைச்சரவைக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. ஓங் டெங் சியோங் ரயிலுக்காக வாதாடினார், கோ கெங் சுவீ செலவை எண்ணித் தயங்கினார். 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு ஓடத் தொடங்கிய முதல் ரயில்களில் நானும் ஒருநாள் போனேன். அன்று போவதற்கு எனக்கு எந்த வேலையும் இல்லை. பெட்டியில் இருந்த பாதிப் பேருக்கும் இல்லை.

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

புதிய கருவியைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். 2023 நவம்பரிலிருந்து வண்டிகளில் பழைய பெட்டிக்குப் பதிலாக, துணைக்கோள் வழி இடம் அறியும் கருவியைப் பொருத்துகிறார்கள். கார்களில் அது மூன்று துண்டுகளாக வருகிறது, ஒரு துண்டு பயணியின் கால்மாட்டில். என் மருமகன் காரில் அது பொருத்தப்பட்ட நாளிலிருந்து என் அக்கா அதைக் காலால் இடித்துக்கொண்டே இருக்கிறார். சாவடி இல்லாமலே எந்தச் சாலைக்கும், எந்தத் தூரத்துக்கும் இதனால் கட்டணம் வாங்க முடியும். அதாவது மார்ச் 14 அன்று நான் கேட்ட ஏற்பாட்டுக்கு வேண்டிய இயந்திரம் வந்துவிட்டது. தூரத்துக்குக் கட்டணம் வாங்கும் முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை.

வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தபோது முதலில் மகிழ்ந்தேன், பிறகு பழைய வேன்காரன் விழித்துக்கொண்டான். பொருள் கொண்டு செல்பவருக்கு தூரம் என்பதே தொழில். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் வேனையும் கோல்ஃப் மட்டையைக் கொண்டு போகும் காரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் ரொட்டியின் விலைதான் ஏறும். நேரத்தை வைத்து அளந்தால் நியாயம்: இரவு இரண்டு மணிக்கு ஓடும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம், காலை எட்டு மணிக்கு ஓடும் கிலோமீட்டருக்கு நன்றாக வாங்கலாம். அதற்கு ஈடாகச் சான்றிதழ்களைக் கொஞ்சம் கூட்டலாம். இந்தப் பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் 20,000 கூடுதல் சான்றிதழ்களை விடப்போவதற்கு இந்தக் கருவியைத்தான் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டுவது முதலில் நடந்து, நேரக் கட்டணம் பின்னால் நடந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் நான் பேருந்தில் உட்கார்ந்து மீண்டும் நிமிடம் எண்ணுவேன்.

2025 ஏப்ரல் 13, ஞாயிறு

மருமகனின் பத்தாண்டுச் சான்றிதழ் ஜூனில் முடிகிறது. என் 29 வெள்ளிக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப் போகிறேன் மாமா, அதற்கு மேல் புதுப்பிக்க முடியாது, காரை அழித்துவிடுவார்கள், அதுவரை போதும் என்றான். அக்காவுக்கு வாரம் இரண்டு நாள் மருத்துவமனை. சக்கர நாற்காலியை மடித்து வைக்கக் கார் வேண்டும், டாக்சி கிடைக்காத மழை நாள்கள் உண்டு. இதற்கு என் தாளில் பதில் இல்லை.

ஆனால் சந்திப்பு நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எட்டரை. ஏன் எட்டரை? முதல் முறை எட்டரை கொடுத்தார்கள், அப்படியே போகிறது என்றான். தாதியிடம் தொலைபேசியில் பேசி பதினொன்றுக்கு மாற்றிக் கேட்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாற்றிக்கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்குத்தான் வருத்தம், எட்டரைக்குப் போனால் அங்கே தோசை சூடாக இருக்குமாம்.